ஆவணி அமாவாசையில் பிரித்த பெட்டி

ஆவணி அமாவாசை சனிக்கிழமை, ராகு காலம் கழிந்து பத்தே முக்காலுக்கு அந்தப் பெட்டியைப் பிரித்தபோது உடனிருந்தவர்கள் இவர்கள்: பெரியநாயக்கன்பாளையத்தில் முப்பத்தெட்டு வருடமாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் சென்னிமலை, அவர் மனைவி முத்தாத்தாள், பவானியிலிருந்து முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்த முத்தாத்தாளின் அண்ணன் ஐயாசாமி, பட்டறை மேஸ்திரி கதிரேசன், கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த மருமகள் சண்முகப்ரியா. மகன் சபரீஷ் உடுமலைப் பக்கம் ஒரு கிணற்று மோட்டாரைக் கழற்றப் போயிருந்தான். பெட்டியின்மேல் யார் பெயர் எழுதியிருந்ததோ, அந்த மகள் லோகப்பிரியா பெங்களூரில் இருந்தாள். தன் பெயருக்கு இப்படி ஒரு பெட்டி வந்திருப்பதே அவளுக்குத் தெரியாது.

பெட்டி வந்து நாலு நாள் ஆகியிருந்தது. நாலு நாளும் பூஜை அறை வாசலில்தான் இருந்தது. முத்தாத்தாள் அதன் நாலு பக்கமும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தாள். இந்தக் குடும்பத்தில் புது லேத் வந்தாலும் சரி, புது டி.வி. வந்தாலும் சரி, நிறைந்த அமாவாசையில்தான் பிரிப்பார்கள். சபரீஷின் கல்யாணத்துக்கு வந்த பீரோ ஒன்பது நாள் சாக்குக்குள்ளேயே நின்றது. யாரும் அவசரப்படவில்லை.

ஐயாசாமி தோளில் போட்டுவந்த புது ஜமக்காளத்தைக் கூடத்தில் உதறி விரித்தார்.

"பொண்ணு பாக்க வந்தவீங்களுக்குக்கூட இத்தாப்பெரிய ஜமக்காளம் விரிக்கல மாப்ள நீங்க," என்றார். "ஒரு பாட்டுப் பொட்டிக்கு என்ன மரியாத பாருங்க."

"அண்ணா, நல்ல நேரத்துல வாயை வெச்சுட்டுச் சும்மா இருங்களேன்," என்றாள் முத்தாத்தாள்.

சென்னிமலை வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக, பட்டறையில் ஒரு பெரிய ஆர்டரைக் கைமாற்றும் நாளில் நிற்பதுபோல நின்றார். கதிரேசன் பெட்டியைத் தூக்கி ஜமக்காளத்தின்மேல் சாய்த்தார். சாய்த்ததும் உள்ளே எதுவோ சில்லுச் சில்லென்று உருண்டு ஒரு மூலையில் போய் நின்றது. எல்லோருக்கும் கேட்டது. சண்முகப்ரியாவின் கை தானாகத் தாழ்ந்தது.

"வளையல் ஒடஞ்சாப்புல கேக்குதுங்க," என்றாள் முத்தாத்தாள் மெல்ல.

"பிரி," என்றார் சென்னிமலை.

உள்ளே ஒரு ஆம்ப்ளிஃபயர். கரும்பச்சைத் தோல் போர்த்திய மரக்கூடு. முன்பக்கம் சந்தன நிறத் துணி. மேலே பித்தளைக் குமிழ்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் மரம் விண்டிருந்தது. கதிரேசன் பின்பக்கப் பலகையைக் கழற்றினார். கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தன் நாலு போல்ட்டையும் தகட்டோடு பிய்த்துக்கொண்டு, இரண்டு ஒயரில் தொங்கியது. அது போய் மோதியதில் பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடி வால்வு இரண்டு தூளாகியிருந்தன. பின்தகட்டில் ஒரு சின்னப் பித்தளைப் பட்டயம். அதில் எண் பதினேழு என்றும், அதற்குக் கீழே லோகப்பிரியா என்றும் பொறித்திருந்தது. பட்டயத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

எரிந்த மோட்டார், வெள்ளத்தில் ஊறிய மோட்டார், கிணற்றுக்குள் விழுந்து நசுங்கிய மோட்டார் என்று சென்னிமலை பார்க்காத சேதம் இல்லை. பார்த்த மாத்திரத்தில் இத்தனை நாளில் கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு அவர் சொன்னது ஒரே வார்த்தை.

"மூடு."

இந்த இடத்தில் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் லோகப்பிரியா இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மாடி அறையில் ஒரு எலக்ட்ரிக் கிடாரும், யாரிடமோ பழசாக வாங்கிய சின்ன ஆம்ப்ளிஃபயரும் வைத்திருந்தாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசிக்க உட்காருவாள். காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடத்தில் பெண் கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து காப்பித் தம்ளரைக் கையில் எடுத்த நேரம் பார்த்து மாடியில் கிடார் முழங்கியது. அவளுக்கு வந்தவர்கள் யார் என்று யாரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. மாப்பிள்ளையின் சித்தப்பா மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, பொண்ணு கச்சேரிக்கெல்லாம் போகுதுங்களா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்பு சென்னிமலைக்குச் செருப்படிபோல இருந்தது.

மறுநாள் அவள் கல்லூரிக்குப் போயிருந்த நேரம், மதுக்கரையில் மைக்செட் வைத்திருந்த ஒருவனைக் கூப்பிட்டு, கோயில் விசேஷத்துக்கு வைத்துக்கொள் என்று ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவன் அதில் புனல் ஸ்பீக்கரை மாட்டி ஒரே வாரத்தில் எரித்தான். அந்தச் சேதி அவர் காதுக்கு வந்தது. அவர் வீட்டில் சொல்லவில்லை.

லோகப்பிரியா அழவில்லை, சண்டை போடவில்லை. மூன்று மாதத்தில் பெங்களூரில் வேலை வாங்கிக்கொண்டு கிடாரோடு போனாள். பொங்கலுக்கு இரண்டு நாள், ஆயுத பூஜைக்கு ஒரு நாள் வருவாள். பட்டறைப் பூஜையில் எல்லா மெஷினுக்கும் அவளே பொட்டு வைப்பாள். கிடார் மட்டும் வராது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்வாள். அப்பாவிடம் கொடு என்று அவளும் கேட்டதில்லை; கொடு என்று இவரும் கை நீட்டியதில்லை.

சென்னிமலை யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த நாட்களில் ஆறு மணிக்குப் பட்டறை சாத்தியதும், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தண்ணி மோட்டார் ஸ்விட்சைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நிற்பார். அந்த ஸ்விட்சில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. மேலே அவள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். ஏறிப் போகும், கடைசியில் ஒரு இடத்தில் தடுக்கும். மறுபடியும் முதலிலிருந்து ஏறும். இன்றைக்குத் தாண்டிவிடுவாளா என்று திருப்புளியைப் பிடித்தபடி காத்திருப்பார். தாண்டினாளா இல்லையா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அதற்குள் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டார்.

இந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு நாள் சண்முகப்ரியா கைப்பேசியை நீட்டினாள். "மாமா, லோகா அண்ணி வாசிக்கறதைப் பாருங்க." பெங்களூரில் ஒரு சின்ன மேடை. மகள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். பின்னால் சந்தன நிறத் துணி போட்ட ஒரு பெட்டி இருந்தது. பாட்டு முடிந்ததும் மைக்கில் அவள் சிரித்தபடி சொன்னாள்: இந்த ஆம்ப் என்னுடையது இல்லை, நண்பரிடம் இரவல், சித்தூரில் ரவிதேஜா என்று ஒருவர் வருடத்துக்கு இருபதுதான் கையால் கட்டுகிறார், எனக்கெல்லாம் எப்போது வாய்க்குமோ.

அந்த வீடியோவைச் சென்னிமலை தன் போனுக்கு அனுப்பச் சொல்லவில்லை. மருமகளின் போனையே மூன்று நாள் இரவல் வாங்கினார். நாலாம் நாள், "அந்தச் சித்தூர்க்காரர் நம்பர் கெடைக்குமா பாரு அம்மணி," என்றார்.

ரவிதேஜா தெலுங்கு வாடையோடு நன்றாகவே தமிழ் பேசினார். ஒரு டாக்டர்போல வரிசையாகக் கேள்வி கேட்டார்.

"வாசிக்கறது யாரு சார்?"

"என்ற மக."

"என்ன கிடார் வெச்சிருக்காங்க?"

"தெரியலீங்க."

"எந்த மாதிரி மியூசிக்?"

சென்னிமலை கொஞ்சம் யோசித்தார். "ஒரே எடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்குமுங்க. மேல ஏறும். அப்பறம் தடுக்கும்."

அந்தப் பக்கம் ரவிதேஜா சிரிக்கவில்லை. "சரி சார். எந்த ரூம்ல வெச்சு வாசிப்பாங்க? எவ்வளவு பெரிசு?"

"பன்னெண்டுக்குப் பதினாலு. ஒசரம் பத்தரை. வடக்க ரெண்டு சன்னல், கெழக்க ஒண்ணு. மேல காங்கிரீட். நாந்தானுங்க கட்டுனது." அவர் முழுதாகப் பதில் சொன்ன ஒரே கேள்வி அதுதான்.

ஆறு மாதம் காத்திருந்தார்கள். பெட்டியின்மேல் யார் பெயர் எழுதுவது என்று ரவிதேஜா கேட்டபோது, "லோகப்பிரியா, தகப்பனார் பேர் சென்னிமலை. அப்படியே எழுதுங்க, ரெண்டு பேரும் இருக்கோணும்," என்றார். ஆயுத பூஜைக்கு அவள் வருவாள், மாடி ஏறுவாள், அங்கே இது இருக்கும். வாசி என்று அவர் சொல்லத் தேவையில்லை. அவர் பாட்டுக்குப் படிக்கட்டுக்குக் கீழே இருந்துகொள்வார். திட்டம் அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு இது பெரிய காரியமாகத் தோன்றாது. அவருக்கு அந்த ஆறு மாதமும் வேறு நினைப்பில்லை.

செவ்வாய்க்கிழமை பெட்டியைக் கொண்டுவந்தவர் அப்துல் மஜீத், பார்சல் கம்பெனிக்கு லோடு ஆட்டோ ஓட்டுபவர். இறக்கி வைத்ததும் அவரே மூலையைத் தடவிக் காட்டினார்.

"ஐயா, இந்தப் பக்கம் நசுங்கியிருக்குதுங்க. என் வண்டில ஏத்தும்போதே இப்படித்தான் இருந்துச்சு. இங்கயே பிரிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"வாசல்லயா?"

"ரெண்டு நிமிஷம்தானுங்க."

"ஏனுங் தம்பி, ஊடு தேடி வந்த சாமானை ரோட்டுல வெச்சு மோந்து பாத்துட்டு உள்ள எடுக்கற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க. மொதல்ல மோர் குடிங்க."

மஜீத் இரண்டு தம்ளர் மோர் குடித்தார். குடித்துவிட்டு இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். சென்னிமலை அவர் நீட்டிய போனில் விரலால் கையெழுத்துப் போட்டார். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தம்.

அன்று மாலையே ரவிதேஜா கூப்பிட்டார். "சார், திறந்து வீடியோ எடுத்துட்டீங்களா? ஏதாவது டேமேஜ்னா ரெண்டு நாளைக்குள்ள சொல்லணும்."

"ஆகட்டுமுங்க. அமாவாசை வரட்டும்."

"அமாவாசையா?" ரவிதேஜா திகைத்துப்போனார். "எங்க பக்கம் அமாவாசையன்னிக்குப் பாக்ஸ் என்ன சார், சுருட்டி வெச்ச பாயைக்கூடப் பிரிக்க மாட்டாங்க!"

"அது உங்க ஊருங்க," என்றார் சென்னிமலை.

பிரித்தபிறகு நடந்தது இது. திங்கட்கிழமை காலை அவரும் கதிரேசனும் கோயமுத்தூரில் அந்தப் பார்சல் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்கள். பூஜிதா என்று ஒரு பெண் மேஜைக்குப் பின்னால் இருந்தாள். பொறுமையாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

"நல்ல கண்டிஷன்ல வாங்குனதா நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. டேமேஜ்னு சொல்ல ரெண்டு நாள்தான் டைமுங்க. இன்னிக்கு ஆறாவது நாள். ஏனுங்க அத்தனை நாள் பிரிக்கல?"

"அமாவாசை சனிக்கிழமைதானுங்க வந்துச்சு."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பார்சல் லோகப்பிரியாங்கற பேருக்கு வந்திருக்கு. அவங்க ஊர்ல இல்ல, அவங்க வந்துதான் பிரிக்கணும்னு சொல்லியிருந்தாங்க, சனிக்கிழமை வந்து பிரிச்சாங்கன்னு அவங்களே ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மேல அனுப்பிப் பாக்கறேன். உங்க பொண்ணுதானுங்களே? ஒரு போன் போட்டா முடிஞ்சுது."

வெளியே வந்ததும் கதிரேசன் சொன்னார்: "சின்ன அம்மணி கையெழுத்து எனக்குத் தெரியுமுங்க மொதலாளி. பட்டறை பூஜை நோட்டுல வருசா வருசம் போடுது. நானே போட்டுடறேன். போன் கீன் எதுக்குங்க?"

சென்னிமலை கார்க் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"கதிரேசா, அவ காரியம் ஒண்ண அவளைக் கேக்காம ஒருக்கா செஞ்சாச்சு. வண்டிய எடு."

ஆறு மணிக்கு மாடி ஏறினார். அறையில் கட்டிலும் மேஜையும் அப்படியே இருந்தன. மேஜைக்கு அருகே சுவரில் ஆம்ப்ளிஃபயர் சாய்ந்திருந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்து ஒரு சதுரம். மகளின் எண்ணை அவர் தன் கையால் அழுத்தியது அதுதான் முதல் தடவை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அப்பா? அம்மாவுக்கு என்னாச்சு?"

அப்பா கூப்பிட்டால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கும்படி ஒன்பது வருடம் ஓடியிருக்கிறது.

"ஒண்ணுமில்ல கண்ணு. அம்மா கீழ டி.வி. பாத்துட்டு இருக்குது. நல்லா இருக்குது."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன. கல்லாட்ட இருக்கேன்."

"அப்பறம்?"

"ஒரு சாமான் வாங்குனேன். வரும்போதே ஒடஞ்சு போச்சு. உன்ற பேருல வந்துச்சு. அதான்."

"என்ற பேருலயா? என்ன சாமான்?"

அவர் சொன்னார். பட்டறையில் சரக்கு விவரம் சொல்வதுபோல, நிறம், எடை, வால்வு எத்தனை, பட்டயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். பதினேழாம் எண் என்றபோது அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"கண்ணு? இருக்கியா?"

"இருக்கேன். எப்ப வந்துச்சு?"

"செவ்வாய்க்கெழமை."

"எப்பப் பிரிச்சீங்க?"

"சனிக்கெழமை."

"அமாவாசைக்கு வெச்சிருந்தீங்களா?"

"ஆமா."

"அம்மா பொட்டு வெச்சுச்சா பொட்டிக்கு?"

"நாலு பக்கமும்."

அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாத சிரிப்பு. கடைசியில் அது சிரிப்பா என்று சொல்ல முடியாதபடி ஆனது. சென்னிமலை போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

பிறகு அலுவலகத்தில் சொன்னதையும் சொன்னார். "எழுதித் தாரேங்கப்பா, அதுக்கென்ன," என்றாள்.

"வேண்டாம். நீ வந்து பிரிச்சேன்னு எழுதோணுமாம். நீ வரலியே."

"அப்பறம் எதுக்குங்கப்பா கூப்டீங்க?"

சன்னலுக்கு வெளியே பார்த்தார். பட்டறைக் கதவை யாரோ இழுத்துப் பூட்டினார்கள். "அந்தப் பழசை அன்னிக்கு நான் குடுத்தது..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்கப்பா," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் முடிக்க விடவுமில்லை. "அந்த டிரான்ஸ்ஃபார்மர்ல யாரும் கைய வெக்காதீங்க. கதிரேசண்ணன் காயில் கட்டறேன்னு எறங்குவாரு. விடாதீங்க. வர்ற சனிக்கெழமை நானே வாரேன்."

கதிரேசன் அதற்குள் டிரான்ஸ்ஃபார்மரின் அளவுகளை எடுத்துக் காகிதத்தில் குறித்துவைத்திருந்தார். அதைக் கிழிக்கச் சொன்னார் சென்னிமலை.

சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு லோகப்பிரியா வந்தாள். காரின் பின்சீட்டை அவர் கண் தானாகத் துழாவியது. கிடார் இல்லை. கை கழுவிவிட்டு நேராக ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பின்பலகையைக் கழற்றினாள். சென்னிமலை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். பட்டறையில் அவருக்கு மற்றவர்கள் டார்ச் பிடிப்பார்கள். அவர் பிடித்து வழக்கமில்லை. வெளிச்சம் ஆடியது.

"கொஞ்சம் இக்கட்ட, இந்தப் பக்கம் காட்டுங்கப்பா."

பித்தளைப் பட்டயத்தின்மேல் வெளிச்சம் விழுந்தது. அவள் தன் பெயரின்மேல் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தாள். பிறகு கண்ணாடித் தூளை ஒரு காகிதத்தில் கூட்டி எடுத்தாள்.

"சரி பண்ணிறலாமுங்க. இப்படியே சித்தூர் போய் ரவிதேஜாகிட்டக் குடுத்துட்டுப் பெங்களூர் போறேன். அவரு காசு வேண்டாங்கறாரு. பேக்கிங்கை நான் இன்னும் நல்லாப் பண்ணிருக்கோணும்னு சொல்றாரு."

"அவரு மேல என்ன தப்பு? வேலைக்கு உண்டானதை வாங்கிக்கச் சொல்லு. நம்ம ஊட்டு அமாவாசைக்கு அவரு எதுக்குக் கைக்காசப் போடோணும்?" என்றார் சென்னிமலை. பிறகு, டார்ச்சை அணைக்காமலேயே, "சரியானதும் இங்க ஒருக்காக் கொண்டாந்து..." என்றார்.

அவள் திருப்புளியை உறையில் போட்டாள். "இங்க கொண்டாந்தாலும் மாடில வாசிக்க முடியாதுங்கப்பா. அந்த ப்ளக்குல எர்த் கெடையாது."

"என்ன?"

"மூணு ஓட்டை இருக்குது. எர்த் ஓட்டைல ஒயரே இல்ல. அப்பெல்லாம் கிடார் கம்பியத் தொட்டா கைல சுருக்குச் சுருக்குனு அடிக்கும். ஈரக் கையோட வாசிச்சா நல்லாவே அடிக்கும்."

முத்தாத்தாள் சோற்றுக் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். ஊரில் யார் வீட்டில் மோட்டார் மாட்டினாலும், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சென்னிமலை ஸ்விட்சில் கை வைப்பார். எர்த் இல்லாத இடத்தில் வேலை செய்ய மாட்டேன் என்று பெரிய மில் முதலாளியிடமே சொல்லித் திரும்பி வந்தவர். தன் கையால் கட்டிய அறையில், தன் மகள் தினமும் ஷாக் வாங்கிக்கொண்டு வாசித்திருக்கிறாள்.

"ஏங் கண்ணு எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வாசிக்காதேன்னு சொல்லிருப்பீங்க."

ஐயாசாமி இருந்திருந்தால் ஏதாவது சொல்லி நிலைமையைச் சமாளித்திருப்பார். அன்றைக்கு அவர் இல்லை. லோகப்பிரியா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். பெட்டியை ஜமக்காளத்தில் சுற்றி முன்சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார் சென்னிமலை. மாட்டியதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "வாரேங்கப்பா," என்றாள். முன்பெல்லாம் "வாரேன்" என்று பொதுவாக எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்வாள்.

மறுநாள் ஞாயிறு. பட்டறை விடுமுறை. அவரும் கதிரேசனும் வாசலில் எட்டடிக் குழி தோண்டினார்கள். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் கடப்பாரை பிடிக்க வேண்டாம் என்று முத்தாத்தாள் சொன்னதையும் கேட்கவில்லை. கரியும் உப்பும் அடுக்கடுக்காகக் கொட்டி, நடுவில் பைப்பை நட்டு, மாடிவரைக்கும் புது ஒயர் இழுத்தார்கள். சுவரை உடைத்தது உடைத்தபடி இருக்கக் கூடாதென்று மாடி அறைக்கு வெள்ளையும் அடித்தார்கள். பெயின்ட் தேய்ந்த அந்தச் சதுரத்தை மட்டும் விடச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் மீட்டரை வைத்துப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். குழியில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்.

ஒரு மாதம் கழித்து ரவிதேஜா கூப்பிட்டார். "சார், ரெடி பண்ணிக் குடுத்துட்டேன். உங்க பொண்ணு வந்து எடுத்துட்டுப் போனாங்க. என் ஒர்க்‌ஷாப்லயே ஒரு மணி நேரம் வாசிச்சுப் பாத்தாங்க."

"என்னங்க வாசிச்சா?"

"நீங்க சொன்ன மாதிரியே சார். ஒரே எடத்தைத் திரும்பத் திரும்ப."

சென்னிமலை நாற்காலியின் கையைப் பிடித்தார். "தடுக்குச்சுங்களா?"

"எங்க சார் தடுக்கறது? தண்ணி மாதிரி போகுது," என்றார் ரவிதேஜா.

சந்தோஷமுங்க என்று சொல்லிப் போனை வைத்தார். எந்த வருடத்தில், எந்த ஊரில், யார் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் அந்த இடத்தைத் தாண்டினாள் என்று யாரைக் கேட்பது?

ஆயுத பூஜைக்கு அவள் வரவில்லை. அன்றைக்கு மைசூரில் ஒரு நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருந்தாள். அதை அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பாவிடம் கொடு என்று அவளே கேட்டுச் சொன்னாள். பொங்கலுக்குப் பார்க்கலாமுங்கப்பா என்றாள். ஆகட்டும் கண்ணு, உனக்குத் தோதுப்பட்டபோது வா என்றார் அவர். மாடி ப்ளக்கைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தார். சொன்னால் வா என்று நெருக்குவதுபோல ஆகிவிடும் என்று விட்டுவிட்டார். மெஷின்களுக்கு இந்த வருடம் சண்முகப்ரியா பொட்டு வைத்தாள்.

இந்தச் சமயத்தில் பெரியநாயக்கன்பாளையத்திலும், அங்கிருந்து பவானிவரைக்கும் சொந்தக்காரர்களிடையே ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. லோகப்பிரியாவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டதாம். தகப்பனும் மகளும் ராசியாகிவிட்டார்களாம். வீட்டுக்கு வெள்ளையடித்து, வாசலில் முகூர்த்தக்கால் ஊன்றக் குழி தோண்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம். அது தவறு. கல்யாணம் எதுவும் நிச்சயமாகவில்லை. அந்தக் குழி எர்த்துக்குத் தோண்டியது.